தமிழ்ப் பள்ளியை நான் காப்பாற்றினேனாம்

1

சென்ற மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து என் மைத்துனர் சிவசைலம் இங்கே வந்திருந்தார். சாப்பிட்டு இலையை மடித்தவுடன், "அத்தான், ஊருல உங்களப் பத்தித்தான் பேச்சு," என்றார். "மலையாளத்துக்குள்ள போயி ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தையே காப்பாத்திட்டாராம்லா நம்ம கணக்கப்பிள்ளைன்னு கோயில் வாசல்ல வச்சுச் சொல்லுதாங்க."

என் மனைவி ஆவுடையம்மாள் ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கை கழுவ எழுந்தேன். கழுவிய கையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றேன்.

தப்பு சிவசைலத்துடையது அல்ல. இதே பத்திரிகையில் முன்பு எழுதிய ஒரு குறிப்பில், சாலைக் கடைவீதியின் நெரிசலையும் கோயில் ஆராட்டு ஊர்வலத்தையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: "எங்கள் முயற்சியால் ஆரியசாலைத் தமிழ்ப் பிரிவு நிலைத்தது." அந்த "எங்கள்" என்ற சொல்தான் திருநெல்வேலிச் சீமை வரை போய் இவ்வளவு பெரிதாகியிருக்கிறது. பள்ளி நிலைத்தது உண்மை. எங்கள் முயற்சியால் என்பது உண்மையல்ல. நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். பிறகு கோயில் வாசலில் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளுங்கள்.

2

ஆரியசாலையில் மிளகாயும் மல்லியும் மொத்தமாக விற்கிற ஒரு கடையில் நான் கணக்கு எழுதுகிறேன். முதலாளி சண்முகம் பிள்ளையும் நம் பக்கத்துக்காரர்தான். காலையில் வண்டிகள் வந்து மூட்டை இறங்கும்போது தெரு முழுவதும் தும்மும். வண்டிக்காரரோடு மலையாளம், முதலாளியோடு தமிழ், சர்க்கார் காகிதம் வந்தால் மறுபடியும் மலையாளம். இப்படி நாள் முழுவதும் நாக்கு இரண்டு கரைக்கும் போய்வந்துகொண்டிருக்கும்.

வந்த புதிதில் அந்த நாக்கு என்னை நன்றாக இடறிவிட்டது. ஒரு சர்க்கார் கச்சேரியில் கடை லைசென்ஸ் விஷயமாக வெகு நேரம் நின்றுவிட்டு, பொறுக்காமல், "அவசரம் சார், அவசரம்" என்றேன். மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம் என்று எனக்கு அப்போது தெரியாது. எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுங்கள் என்று நான் கெஞ்சுவதாக எண்ணிக்கொண்ட குமாஸ்தா, "பாண்டிக்கு எந்து அவசரமா வேண்டது?" தமிழனுக்கு என்ன சந்தர்ப்பம் வேண்டும் என்று கேட்டார். எல்லா மேஜையிலிருந்தும் சிரிப்பு வந்தது. என் பிள்ளைகளைப் பார்த்து ஒருவரும் இப்படிச் சிரிக்கக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதனால் மூத்தவர்கள் இருவரையும் மலையாளப் பள்ளியில் போட்டேன். ஒருவன் கொல்லத்தில் தபாலாபீசில் இருக்கிறான். அடுத்தவன் காலேஜில் படிக்கிறான். கடைக்குட்டி கோமதியும் அவர்கள் வழியே போனாள். வீட்டில் அவள் அம்மா தமிழில் கூப்பிட்டால், "எந்தா அம்மே?" என்று பதில் வரும். ஆரம்பத்தில் அதைக் கேட்டு நாங்கள் சிரித்தோம். பிறகு அது காதில் விழுவதே நின்றுவிட்டது.

எங்கள் பகுதிக்குச் சட்டசபையில் மெம்பராக இருப்பவர் வக்கீல் அச்சுதன் பிள்ளை. இந்த ஊர்க்காரர், மலையாளி. சபை கலைந்தவுடன் தெருத்தெருவாகப் போய், என்ன கேட்டேன், சர்க்கார் என்ன பதில் சொன்னது என்று ஜனங்களுக்குச் சொல்லுகிற வழக்கம் அவருக்கு உண்டு. எங்கள் தெருவில் முதலாளியின் கிடங்கில்தான் கூட்டம். மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, மெம்பருக்கு ஒரு நாற்காலி போடுவோம். அவர் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துவார். நான் அதைத் தமிழில் சொல்வேன். சாக்கடைக்கு மூடி வரும், முக்கில் விளக்குக் கம்பம் வரும், வாந்திபேதிக்கு ஊசி போட ஆள் வரும் என்று எல்லாச் செய்தியும் என் வாய் வழியாகத்தான் தெருவுக்கு வந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்கு மலையாளம் புரியும். இருந்தாலும் தமிழில் கேட்டபிறகே தலையாட்டுவார்கள். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மெம்பர் வருகிற அன்றைக்கு வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு போவேன்.

3

ஆரியசாலையின் பின்சந்தில் சர்க்கார் பள்ளியை ஒட்டிய ஓட்டுக் கட்டடம்தான் தமிழ்ப் பிரிவு. அதற்கு ஞானப்பூ டீச்சர் ஒருவரே. நாகர்கோவில்காரர். கணவர் இல்லை. தாயாரை வைத்துக் காப்பாற்றிக்கொண்டு தனியாக இருக்கிறவர். பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்ததால் பிரிவை மூடிவிடப் போகிறார்கள் என்று ஒருநாள் அவர் கடைக்கு வந்து சொன்னார்.

முதலாளிக்கு ரோஷம் வந்துவிட்டது. "நாம இத்தன பேரு இருக்கையில தமிழ மூடுவானா? எழுதும்வே மனு!" என்றார். எழுதினேன். முதல் கையெழுத்தும் என்னுடையதுதான். மனுவைக் கொண்டுபோனபோது மெம்பர் ஒன்றே ஒன்று கேட்டார்: "நிங்ஙளுடெ குட்டிகள் அவிடெயல்லே படிக்குன்னது?" உங்கள் பிள்ளைகள் அங்கேதானே படிக்கிறார்கள் என்று. "பின்னே வேற எங்க?" என்றார் முதலாளி. நான் அவர் பக்கத்தில் நின்று மனுவின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

சபை கலைந்து மெம்பர் வந்தார். அன்று கிடங்கு நிறைந்திருந்தது. டீச்சரும் ஒரு ஓரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார். சாக்கடை, விளக்கு எல்லாம் சொல்லி முடித்தபின், மெம்பர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திப் பேசினார். பள்ளி விஷயத்தை எடுத்ததும் சர்க்கார் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்தாராம். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவருடைய மூன்று பிள்ளைகளும் மலையாளப் பள்ளிதான் என்றாராம். மற்றவர்களில் பெரும்பாலோர் கதையும் அதுவே. தங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாத பள்ளியை மெம்பர் யாருக்காகக் கேட்கிறார் என்று முடித்தாராம். சபை முழுவதும் சிரித்ததாம்.

மெம்பர் நிறுத்திவிட்டு, தமிழில் சொல்வதற்காக என்னைப் பார்த்தார்.

"சர்க்கார் பதில் திருப்தியாக இல்லை," என்றேன். "பிள்ளைகள் தொகை போதாது என்கிறார்கள்."

ஓரத்திலிருந்து டீச்சர் எழுந்தார். "அண்ணாச்சி, மெம்பர் சொன்னது அது இல்லியே. சபை சிரிச்சதையும் சொல்லுங்க. யாரப் பாத்துச் சிரிச்சாங்கன்னும் சொல்லுங்க. எனக்கு வேல போகப் போவுது. எதுனால போவுதுன்னு இவங்களும் தமிழ்ல கேட்டுக்கிடட்டும்."

சொன்னேன். வேறு யாரோ ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல, "முதல் கையெழுத்துக்காரர்" என்று தொடங்கினேன். பாதியில் நின்று, "அதாவது நான்" என்றேன். அதற்குப் பிறகு சொன்னது எதுவும் எனக்கு நினைவில்லை. யாரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லோரும் மூட்டைகளையும் முகட்டையும் பார்த்தார்கள். அந்தக் கிடங்கில் என் நிலைமைதான் அநேகமாக எல்லோருக்கும். மெம்பர் மட்டும் என் தோளில் கை வைத்து, "சாரமில்லா பிள்ளே," பரவாயில்லை என்றார். எங்களுக்காகச் சிரிப்பை வாங்கிக்கொண்டவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

லீவு முடிந்து பள்ளி திறந்ததும் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், பிள்ளைகள் தொகை தேறினால் பிரிவு நீடிக்கும் என்று மட்டும் சபையில் வாக்கு வாங்கி வந்திருந்தார் மெம்பர்.

4

அன்று மாலை கோமதியைக் கூப்பிட்டு, சிலேட்டில் உன் பெயரைத் தமிழில் எழுது என்றேன். அவள் சிலேட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"எனக்குத் தமிழ் எழுத்து அறியாதப்பா."

"ஒரு எழுத்துமா?"

"நீங்க படிப்பிச்சில்லல்லோ," என்றாள். குற்றம் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். பகல் முழுவதும் தமிழில் எழுதிவிட்டு வருகிற கை இது. பத்து வயதுப் பெண்ணுக்கு ஒரு "கோ" போடக் காட்டிக்கொடுத்ததில்லை.

அவளைத் தமிழ்ப் பிரிவில் சேர்க்கப் போகிறேன் என்றதும் ஆவுடையம்மாள் அடுப்படியிலிருந்து வந்துவிட்டாள். "கூட்டத்துல ஒங்க மானம் போச்சுன்னா எம்புள்ள என்ன செய்வா? நாலாங் கிளாஸ் படிக்கவள அரிச்சுவடிப் பிள்ளையளோட உக்கார வைப்பியளா? பயலுவளுக்கு ஒரு நியாயம், இவளுக்கு ஒரு நியாயமா?"

அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. என் மானத்தைத் தைத்துப் போட ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டேன் என்பது அப்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் செய்தேன். பள்ளி திறந்த அன்று கோமதி, தன்னைவிட ஒரு முழம் குட்டையான பிள்ளைகள் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலாளியும் பேரனை அனுப்பினார். தெருவில் இன்னும் சிலர் அனுப்பினார்கள். ஆனாலும் பெஞ்சுகள் பாதிக்கு மேல் காலியாகவே கிடந்தன.

நிரப்பியவர் ஞானப்பூ டீச்சர். நகரத்தின் தெருக்களைக் கூட்டவும் கக்கூஸ் வாளி எடுக்கவும் நம் சீமையிலிருந்தே கூட்டிவந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் கடைவீதிக்குப் பின்னால் வரிசைக் குடில்களில் இருக்கின்றன. அந்த இடத்தை நாங்கள் "லைன்" என்போம். அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். அங்கே போகவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. டீச்சர் குடிசை குடிசையாகப் போய்க் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் பிள்ளைகள் எண்ணெய் தடவித் தலை வாரிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதிகாரி வந்து பார்த்தார். திருப்தியோடு போனார்.

கோமதி வீட்டுக்கு வந்து பேச்சி, பேச்சி என்று ஓயாமல் பேச ஆரம்பித்தாள். பேச்சி அவள் வயதுப் பெண். பக்கத்தில் உட்காருகிறவள். "அம்மே, பேச்சி நல்லா பாடுவா. நாளைக்கு எனக்கு முறுக்கு ரெண்டு தா. அவளுக்கும் கொடுக்கணும்."

"யாரு வீட்டுப் புள்ளட்டி அது?" என்று கேட்டாள் அவள் அம்மா. கோமதி சொன்னாள். ஆவுடையம்மாள் என்னைப் பார்த்தாள். நான் அந்தச் சமயம் பார்த்து விளக்குத் திரியைத் தூண்டினேன்.

5

அடுத்த சபை கலைந்தபின் மெம்பர் மிகுந்த சந்தோஷத்தோடு வந்தார். டீச்சரும் வந்திருந்தார். அவரோடு பேச்சியின் தகப்பனார் மாடசாமி வந்து, கிடங்கு வாசலுக்கு வெளியே நின்றார். மெம்பருக்குக் கொடுக்க ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் பொத்தி வைத்திருந்தார். உள்ளே வாருங்கள் என்று யாரும் அழைக்கவில்லை. நானும் அழைக்கவில்லை.

அன்று மெம்பர் என்னைக் கையமர்த்திவிட்டு, தாமே தமிழில் சொன்னார். யாரிடமோ கேட்டுப் பாடம் செய்து வந்திருக்கவேண்டும். "உங்கள் பள்ளி நிலைச்சு. இனி யாரும் சிரிக்க மாட்டார்." சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தார்.

முதலாளி தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வே, மெம்பர்ட்ட சொல்லும். பள்ளிக்கூடம் நெலச்சதுல எங்களுக்கு ரொம்பச் சந்தோசம். ஆனா அந்த லைன் பிள்ளையள வேற ஒரு கொட்டகை போட்டு உக்கார வைக்கச் சொல்லணும். இல்லேன்னா நம்ம வீட்டுப் பிள்ளையள நாங்க அனுப்ப ஏலாது. இத நல்ல மலையாளத்துல, மரியாதையா, அவரு மனசு நோகாமச் சொல்லும்."

நல்ல மலையாளம் எனக்குத் தெரியும். மரியாதைச் சொற்களும் தெரியும். வாசலில் மாடசாமி நின்றுகொண்டிருந்தார். முதலாளி சொன்னது அவருக்குச் சொல்லப்படவில்லை. ஆனால் அவர் மொழியில்தான் சொல்லப்பட்டது. ஒரு எழுத்து விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது.

"இவர்... இவர் பறயுன்னது..." இவர் சொல்வது என்னவென்றால், என்று தொடங்கினேன். அதற்கு மேல் வரவில்லை.

"வேண்டா பிள்ளே," என்றார் மெம்பர். "எனிக்கு மனசிலாயி." எனக்குப் புரிந்துவிட்டது என்று.

நாற்காலியை விட்டு எழுந்தார். மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்காக ஒருதரம் சபை என்னைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பொறுத்துக்கொண்டேன். இதை நான் அங்கே கொண்டுபோக மாட்டேன்." இதைத் தமிழில் சொல் என்று அவரும் கேட்கவில்லை. மலையாளம் தெரியாதவர்களுக்கும் புரிந்தது.

அவர் வெளியே வந்தபோது மாடசாமி வாசலில் இல்லை. டீச்சர் சந்தின் முனை வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். தம் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் கடையில் முதலாளி என் முதுகில் தட்டினார். "நீரு சாமர்த்தியக்காரர்வே. வாயத் தொறக்காமலே காரியத்த அவருக்கு விளங்க வச்சிட்டீரு."

நான் பேரேட்டில் அடுத்த வரியை எழுதினேன். அன்று நான் பேசாமல் நின்றதை யாராவது தைரியம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா என்று உள்ளுக்குள் ஓர் ஆசைகூட இருந்தது. அது சாமர்த்தியமும் இல்லை, தைரியமும் இல்லை. மலையாளம் வாயில் வரவில்லை, அவ்வளவுதான். துணிவுள்ளவனாக இருந்திருந்தால் முதலாளிக்குத் தமிழிலேயே பதில் சொல்லியிருப்பேன். அதற்கு மொழிபெயர்ப்பு எதுவும் தேவையில்லையே.

6

தெருக்காரர்கள் அந்த வாரமே தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பெரும்பாலோர் மலையாளப் பள்ளியில் பெயரை எடுக்காமலே வைத்திருந்ததால் அங்கேயே திரும்பினார்கள். உள்ளூர அவர்களுக்கு நிம்மதிதான். தமிழுக்காக ரோஷப்பட்டாயிற்று, பிள்ளைகளின் படிப்பும் பாழாகவில்லை. தமிழ்ப் பிரிவு லைன் பிள்ளைகளைக் கொண்டு நிமிர்ந்து நின்றது. இன்றைக்கும் நிற்கிறது. மெம்பர் இப்போது எங்கள் கிடங்குக்கு வருவதில்லை. சபைச் செய்திகளைப் பள்ளி முற்றத்தில் நின்று சொல்கிறாராம். நான் போய்க் கேட்டதில்லை. தெருவிளக்கு எப்போது வரும் என்று இப்போது எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

ஆவுடையம்மாள் கோமதியை வீட்டில் நிறுத்தினாள். காய்ச்சல் என்று டீச்சருக்குச் சொல்லியனுப்பினாள். "நாளைக்கு எந்தம்பி மகனுக்கே இவளக் கேட்டு வந்தா? எங்க படிச்சா, யாரு பக்கத்துல உக்காந்து படிச்சான்னு கேப்பாங்கள்ல?" என்றாள். அவள் தம்பி சிவசைலந்தான். நான் தலையை ஆட்டினேன்.

காய்ச்சல் இல்லாத பெண் நாள் முழுவதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் காலையில் நான் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது வந்து கேட்டாள்.

"அப்பா, ஞான் இப்போ எந்த ஸ்கூள்?"

மலையாளப் பள்ளியில் அவள் பெயரை எடுத்தாயிற்று. அடுத்த வருஷம்தான் சேர்ப்பார்கள்.

"பேச்சியும் தமிழ், டீச்சரும் தமிழ், நம்மளும் தமிழ்," என்றாள். "பின்னெ எதுக்கு என்னெ நிறுத்தியது?"

உள்ளே பாத்திரம் துலக்குகிற சத்தம் நின்றது. நான் பதிலுக்காக ஆவுடையம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தைரியம் போயிருக்கும். "துணிய மாத்து," என்றேன்.

இந்த இடத்தில் நான் ஏதோ பெரிதாகச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரியசாலை வழியாக நடந்தேன். கடைகள் திறந்துவிட்டன. மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி என்னையும், கோமதி கையிலிருந்த சிலேட்டையும் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏதோ திருட்டுச் சாமானைக் கொண்டுபோகிறவனைப்போல அவளை வேகமாக இழுத்தேன். "மெல்ல போகாம்ப்பா, கை நோகுது," என்றாள்.

டீச்சர் வாசலிலேயே நின்றார். காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. "நேரமாச்சு, உள்ள போ மக்கா," என்று மட்டும் சொன்னார். பேச்சி நகர்ந்து இடம் விட்டாள். கோமதி உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது.

இரண்டு வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். முதலாளி என்னைக் கடையை விட்டு நிறுத்தவில்லை. வீட்டு விசேஷங்களுக்கு மட்டும் கூப்பிடுவதில்லை. சிவசைலத்திடம் இதில் ஒன்றையும் நான் சொல்லவில்லை. அவர் ஊர்ப் பெருமையை வாய் நிறையச் சொல்லிவிட்டு, கோமதியின் தலையைத் தடவி, "எம்மருமவளே" என்றும் கூப்பிட்டுவிட்டுப் போனார். அவர் இந்தப் பத்திரிகையை விடாமல் படிப்பவர். இனி என்ன சொல்வாரோ, தெரியாது. ஆவுடையம்மாளிடம் இதைப் படித்துக் காட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "அனுப்புங்க," என்றாள்.

அந்தக் காலையில் கோமதியை விட்டுவிட்டுச் சந்தில் நின்றபோது உள்ளே பிள்ளைகள் சேர்ந்து பாடம் ஒப்பிக்கிற சத்தம் கேட்டது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். ஆனால் எனக்கு முதலாளியின் பார்வைதான் நினைவில் நின்றது. வந்த வழியாக மறுபடியும் கடைவீதியில் நடக்க மனம் துணியவில்லை. வலியசாலைப் பக்கமாகச் சுற்றிப் பின்வாசல் வழியே கடைக்குள் நுழைந்தேன்.